சோனிக் ஓடும் மலையில் மரியோ ஓடினாரே, அது எந்தக் கேசட்?

முறுக்கு_மணப்பாறை:

வணக்கம். வீட்டில் கேட்டால் சிரிக்கிறார்கள், அதனால் இங்கே கேட்கிறேன்.

1997, முழுப்பரீட்சை லீவு. மணப்பாறையில் அத்தை வீட்டுச் சந்து முனையில் ஓர் அண்ணன் திண்ணையில் இரண்டு டிவி வைத்து வீடியோ கேம் நடத்தினார். மணிக்கு 5 ரூபாய். சுவரில் சாக்பீஸால் நம் பெயரையும் உட்கார்ந்த நேரத்தையும் எழுதிவிடுவார். கரண்ட் போனால் அழித்துவிட்டுப் புது நேரம் எழுதுவார், அந்த விஷயத்தில் நேர்மையான மனிதர்.

அங்கே ஒரு கேசட் இருந்தது. பனைமரம் மாதிரி மரங்கள், பழுப்பில் கட்டம் போட்ட மண், வழியெல்லாம் தங்க வளையங்கள், நடுவில் தலைகீழாகச் சுற்றி வரும் பாதை. சோனிக் கேமேதான். ஆனால் ஓடியது நீல முள்ளெலி இல்லை. சிவப்புத் தொப்பி, மீசை, மரியோ! உருண்டையாகச் சுருண்டு உருண்டும் போவார். கடைசியில் முட்டை உடம்புக்காரர் ஒருவர் மிஷினில் பறந்து வருவார்.

அக்கா பையன் ஒன்பதாவது படிக்கிறான். "மாமா, மரியோ நின்டெண்டோ, சோனிக் சேகா. அடிச்சிக்கிட்ட ரெண்டு கம்பெனி. ஒரே கேம்ல எப்படி வரும்? நீங்க ரெண்டு கேமைக் கலந்து ஞாபகம் வச்சிருக்கீங்க" என்கிறான். அவன் சொல்வதில் நியாயம் இருக்கிறது என்பதுதான் பிரச்சினை. உடன் விளையாடிய பையன் இப்போது எங்கே இருக்கிறான் என்றே தெரியாது.

இப்படி ஒரு கேம் நிஜமாகவே இருந்ததா?

ரிமோட்_ஒயர்:

இருந்தது. பெயர் சோமாரி. சோனிக்கில் பாதி, மரியோவில் பாதி. யூடியூபில் தேடிப் பையனுக்குக் காட்டுங்கள், மாமா மரியாதை திரும்பி வந்துவிடும்.

ஈயக்கம்பி:

தம்பி, உங்கள் ஞாபகம் சுத்தம். அந்தக் கேசட் இரண்டு மூன்று என் கையாலேயே திறந்திருக்கிறேன்.

திண்டுக்கல்லில் தாய்மாமன் வைத்திருந்த ரேடியோ டிவி ரிப்பேர் கடையில் 1994 முதல் பத்து வருஷம் உட்கார்ந்திருந்தேன். டிவி கேம் வந்தால் மாமா தொடமாட்டார். "பொம்மைச் சாமான், நீயே பார்" என்று என் பக்கம் தள்ளிவிடுவார். முக்கால்வாசி கேஸ் ஒன்றுதான்: பையன்கள் ஜாய்ஸ்டிக்கைப் பிடித்து இழுத்து உள்ளே ஒயர் அறுந்திருக்கும். ஈயம் வைத்துப் 10 ரூபாய் வாங்குவோம்.

சோமாரிக்கு வருகிறேன். 1994இல் தைவானில் ஹம்மர் டீம் என்று ஒரு சின்னக் கூட்டம் செய்தது. நின்டெண்டோவும் அனுமதி தரவில்லை, சேகாவும் தரவில்லை. தலைப்புத் திரையிலேயே சோனிக் நிற்கும் இறக்கை வைத்த வளையத்துக்குள் மரியோவை நிற்க வைத்துவிட்டார்கள். உங்கள் அக்கா பையனிடம் ஒன்று சொல்லுங்கள். அந்த இரண்டு கம்பெனியும் முறைப்படி சேர்ந்து மரியோவையும் சோனிக்கையும் ஒரே கேமில் விட்டது 2007இல், ஒலிம்பிக் விளையாட்டை வைத்து. மணப்பாறைத் திண்ணையில் அது பத்து வருஷம் முன்பே நடந்துவிட்டது.

என் கணக்கில் போலிக் கேசட் எல்லாம் ஒரே சாதி இல்லை. உழைப்பே இல்லாத போலி ஒன்று. அடுத்தவன் கேமைத் திறந்து, கதாநாயகன் தலையை மட்டும் வெட்டி மரியோ தலையை ஒட்டிவிடுவது. பிளின்ட்ஸ்டோன்ஸ் என்று டைட்டோ கம்பெனி 1991இல் ஒரு கேம் விட்டது. கற்கால மனிதன், தோல் உடை, கையில் கட்டை. அதில் தலையை மாற்றி மரியோ 7 என்று விற்றார்கள். உடம்பு கற்காலம், தலை மரியோ! திரையில் 7 என்று போட்டுப் பக்கத்திலேயே "கிராண்ட் டாட்", அதாவது தாத்தா, என்று எழுதியிருக்கும். எதற்குத் தாத்தா என்று எழுதியவனுக்கே வெளிச்சம்.

சோமாரி அந்த ரகம் இல்லை. சோனிக் 1991இல் வந்தது சேகாவின் 16 பிட் மிஷினுக்கு. அதில் 64 கிலோபைட் நினைவகம். நம் டிவி கேம் பெட்டி 1983இல் ஜப்பானில் நின்டெண்டோ விட்ட ஃபேமிகாம் என்ற பெட்டியின் நகல். அதில் 2 கிலோபைட், அவ்வளவுதான். திரையில் ஒரே கிடைக்கோட்டில் எட்டு உருவத் துண்டுக்கு மேல் வந்தால் ஒன்பதாவது தெரியாது. எதிரிகள் கூடினால் படம் மினுக்மினுக்கென்று அடிக்குமே, அது இதனால்தான், டிவி கோளாறு இல்லை. இதற்குள் அந்த மலையையும் அந்த ஓட்டத்தையும் கொண்டுவர வேண்டும். எதையும் வெட்டி ஒட்ட முடியாது, எல்லாவற்றையும் புதிதாக எழுத வேண்டும்.

சேகாவே தன்னுடைய 8 பிட் மிஷினுக்கு ஒரு சோனிக் விட்டது. அதில் தலைகீழ் வளையப் பாதை கிடையாது, எடுத்துவிட்டார்கள். சோமாரியில் இருக்கிறது. சொந்தக்காரன் முடியாது என்று விட்டதைப் போலிக்காரன் செய்திருக்கிறான். நன்றாகச் செய்தான் என்று சொல்ல வரவில்லை. மரியோ குதித்தால் எங்கே விழுவார் என்று அவருக்கே தெரியாது. ஆனாலும் அதை எழுதியவன் ராத்திரி தூங்காமல் எழுதியிருக்கிறான் என்று அந்தச் சுற்றுப் பாதையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றும்.

இதே ஆட்கள்தான் 1993இல் கார்ட் ஃபைட்டரும் செய்தார்கள். மரியோ கார் ஓட்டும் கேமில் வருகிற ஆட்களை எல்லாம் கீழே இறக்கி, ஸ்ட்ரீட் ஃபைட்டர் பாணியில் அடித்துக்கொள்ள விட்டுவிட்டார்கள். இளவரசி பீச் மரியோவை உதைப்பார். எங்கள் கடைக்கு அது வந்த அன்று ரிப்பேர் வேலையே நடக்கவில்லை. மாமா சாப்பிடப் போயிருந்தார் என்பதால் தப்பித்தோம்.

முறுக்கு_மணப்பாறை:

அண்ணே! பையனிடம் காட்டிவிட்டேன். ஐந்து நிமிஷம் பேசவே இல்லை. அப்புறம் "மியூசிக் சரியில்லை" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

இன்னொன்றும் கேட்டுவிடுகிறேன். அதே திண்ணையில் 9999999 இன் 1 என்று ஒரு கேசட். கடலும் பறக்கும் பறவைகளுமாக ஒரு மெனு வரும். நானும் அந்தப் பையனும் ஒவ்வொன்றாகத் தட்டி எத்தனை கேம் என்று எண்ண உட்கார்ந்தோம். இருநூறைத் தாண்டுவதற்குள் 5 ரூபாய் தீர்ந்துவிட்டது. உள்ளே எத்தனைதான் இருந்தது? அப்புறம், அந்தக் கேசட்டுகளின் உள்ளே என்னதான் இருக்கும்?

ஈயக்கம்பி:

5 ரூபாய்க்கு எண்ணினீர்களா! எங்கள் கடையில் வந்திருந்தால் சும்மாவே சொல்லியிருப்பேன்.

எண்ணிப் பார்த்தால் விரல் விட்டு எண்ணக்கூடிய கேம்தான் இருக்கும். மீதி எல்லாம் அதே கேம் திரும்பத் திரும்ப, வேறு வேறு பெயரில். சூப்பர் மரியோ வெறும் 40 கிலோபைட். டாங்கு கேம், அதாவது பேட்டில் சிட்டி, அதையும் விடச் சின்னது. துப்பாக்கிச் சண்டைக் கேமான கான்ட்ரா 128 கிலோபைட். சின்னச் சின்னதாகப் பொறுக்கிப் போட்டால் ஒரு சிப்பில் நிறையவே அடங்கும், ஆனால் ஒரு கோடிக்கு ஒன்று குறைவாக அடங்காது.

ஆனால் நீங்கள் ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். சில வரிசை எண்ணில் மரியோ நேராக நடுவில் ஏதோ ஓர் உலகத்தில் தொடங்குவார். கான்ட்ராவில் சிலவற்றில் 30 உயிர் இருக்கும். இதற்கு ஒரு சுலபமான வழி உண்டு. மெனு ஒரு கேமைத் தொடங்கிவிடும் முன்பு நினைவகத்தில் ஓர் இடத்தில் ஒரு எண்ணை எழுதி வைத்துவிட்டுப் போகும். கேம் விழித்துப் பார்த்து, ஓகோ, நாம் ஏற்கனவே நாலாவது உலகம் வரை வந்துவிட்டோம் போல, என்று நம்பிவிடும். மரியோவில் நிஜமாகவே அந்த வசதி இருந்தது. தோற்ற பிறகு ஏ பட்டனை அழுத்திக்கொண்டே ஸ்டார்ட் தட்டினால் அதே உலகத்தில் மறுபடி தொடங்கலாம். அந்தக் கதவைக் கண்டுபிடித்து அதன் வழியாக நூறு "புது" கேம் விற்றார்கள்.

எனக்கு இந்த எண் விளையாட்டுதான் ஆகவே ஆகாது. சோமாரிக்காரன் நின்டெண்டோவை ஏமாற்றினான். இவன் 5 ரூபாய் கொண்டுவந்த பையனை ஏமாற்றினான்.

கேசட்டின் உள்ளே என்ன என்று கேட்டீர்கள். பெரும்பாலும் காற்று. மஞ்சள் பிளாஸ்டிக் கூட்டைத் திறந்தால் அடியில் மூன்று விரல் அகலத்துக்கு ஒரு பச்சை அட்டை. அதன் விளிம்பில் செம்புப் பற்கள், ஒரு பக்கம் 30, மறுபக்கம் 30. நடுவில் கருப்பாக ஒரு பசைப் பொட்டு, காய்ந்த தார்ச் சொட்டு மாதிரி. சிப்புக்குக் கூடு போடக் காசு செலவாகும் என்று, சிப்பை அப்படியே அட்டையில் ஒட்டி மேலே பசையை ஊற்றிவிடுவார்கள். அந்தப் பொட்டுக்குள் கோளாறு என்றால் கதை முடிந்தது, ரிப்பேர் கிடையாது. முதன்முதலில் ஒரு கேசட்டைத் திறந்தபோது மாமாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுக்கா 150 ரூபா?" என்றார்.

நின்டெண்டோ அமெரிக்காவுக்கு அனுப்பிய பெட்டியில் ஒரு பூட்டுச் சிப் வைத்திருந்தது. அதற்கு ஜோடியான சிப் கேசட்டில் இல்லாவிட்டால் பெட்டி ஓடாது. ஜப்பான் பெட்டியில் அந்தப் பூட்டு கிடையாது. தைவான்காரர்கள் நகல் எடுத்தது அந்தப் பூட்டில்லாத 60 பல் பெட்டியை. ரஷ்யாவில் 1992 முதல் டெண்டி என்ற பெயரில் விற்றதும் அதன் வாரிசுதான். அங்கே ஒரு தலைமுறைக்கே அதுதான் வீடியோ கேம்.

நம் ஊர் டிவிக்கு நொடிக்கு 50 படம், ஜப்பான் டிவிக்கு 60. நின்டெண்டோ ஐரோப்பாவுக்குச் செய்த பெட்டியில் இந்த வித்தியாசத்தால் ஜப்பான் கேம் சில உளறும். தைவான் நகலில் யூஎம்சி கம்பெனி செய்த சிப் இருந்தால் பெரும்பாலும் உளறாது. 50 படம் ஓடினாலும் கேமின் கணக்கு தப்பாதபடி நேரத்தைச் சரிக்கட்டி வைத்தார்கள். யோசித்துப் பாருங்கள், நகல் எடுக்கிறவன் இவ்வளவு மெனக்கெட்டிருக்கிறான்.

ஒரே இடத்தில் கோட்டை விட்டார்கள். அந்த நகல் சிப்புகள் பலவற்றில் ஒலியின் இரண்டு வடிவங்கள் இடம் மாறியிருக்கும். கூர்மையாக வர வேண்டிய ஓசை தட்டையாக வரும், தட்டையானது கூர்மையாகும். பல வருஷம் கழித்து அசல் பெட்டியின் ஒலியில் மரியோ பாட்டு கேட்டேன். ஏதோ சளி பிடித்த மாதிரி இருந்தது. எனக்கு இன்றும் போலிதான் சரியான சுருதி. உங்கள் பையன் மியூசிக் சரியில்லை என்றது அவனுக்குச் சரிதான்.

தோ_பாயோ_பாலா:

சிங்கப்பூரிலிருந்து எழுதுகிறேன். நின்டெண்டோவின் கையடக்க மிஷினான கேம் பாயிலும் இந்தக் கதை உண்டு. எனக்குப் பதினொரு வயது இருக்கும்போது சித்தப்பா ஜோகூர் போய்விட்டு வந்து போக்கிமான் டயமண்ட் கேசட் கொடுத்தார். வகுப்பில் எல்லோரும் கோல்டு, சில்வர் வைத்திருக்கிறார்கள். டயமண்ட் யாரிடமும் இல்லை! ஒரு வாரம் நான்தான் ராஜா.

விளையாடிப் பார்த்தால் பிக்காச்சுவைக் காணோம். தெரிந்த ஒரு பிராணியையும் காணோம். பந்து எறிந்து பிடிப்பதும் இல்லை. சண்டை போட்டு முடித்ததும் அந்தப் பிராணி பிடித்திருந்தால் தன் போன் நம்பரைத் தரும். அப்புறம் போன் பண்ணினால் வரும். ஆங்கிலம் என்ற பெயரில் அதில் இருந்தது எந்த நாட்டு மொழி என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. "உன் கேம் பொய்" என்று பையன்கள் சொன்னதற்குச் சண்டை போட்டு ஆசிரியரிடம் திட்டு வாங்கினேன்.

வளர்ந்த பிறகுதான் தெரிந்தது. அது டெலிஃபாங் என்று 2000இல் ஜப்பானில் வந்த வேறொரு கேம். போக்கிமானோடு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. இரண்டு பதிப்பில் பவர் என்றதை டயமண்ட் ஆக்கி, ஸ்பீட் என்றதை ஜேட் ஆக்கி, கன்னாபின்னா ஆங்கிலத்தில் மாற்றி விற்றுவிட்டார்கள். உண்மையான போக்கிமான் டயமண்ட் 2006இல்தான் வந்தது. அது வந்த அன்று சித்தப்பாவுக்கு போன் பண்ணி, "உங்களுக்கு அஞ்சு வருஷம் முன்னாடியே கிடைச்சிருக்கு" என்றேன்.

எனக்கு வருத்தம் டெலிஃபாங் செய்தவர்களை நினைத்துத்தான். நல்ல கேம் அது, அந்த போன் யோசனை பிரமாதம். ஜப்பானுக்கு வெளியே முறையாக அது வரவே இல்லை. வெளியூரில் விளையாடியவர்களில் நிறையப் பேர் மட்டமான போக்கிமான் என்று திட்டிக்கொண்டே விளையாடியிருப்போம்.

பிக்சல்_பண்ணை:

குறுக்கே பேசுவதற்கு மன்னிக்கவும். நான் சென்னையில் ஒரு கேம் ஸ்டூடியோவில் படம் வரைகிறவள். எங்கள் கேம் ஒன்றை அப்படியே உரித்து, ஐகானை மாற்றி, விளம்பரத்தைத் திணித்து யாரோ ஏற்றினார்கள். நான் மூன்று மாதம் உட்கார்ந்து வரைந்த மாடு அதில் நிற்கிறது. பாலா சொன்னது எனக்குப் புரிகிறது. ஈயக்கம்பி அண்ணன் சொல்வதைக் கேட்டால் என்னவோ கலைச்சேவை செய்த மாதிரி இருக்கிறது. திருட்டு திருட்டுதானே?

ஈயக்கம்பி:

திருட்டுதான் அம்மா. உங்கள் மாட்டைத் திருடியவன் முதல் ரகம், தலை வெட்டி ஒட்டுகிறவன். அவனுக்காக நான் ஒரு வார்த்தை பேசமாட்டேன். சோமாரிக்காரனும் கேட்காமல் எடுத்தவன்தான், மறுக்கவில்லை. நான் அதைக் கொண்டாடுவதற்கு ஒரு சுயநலக் காரணமும் இருக்கிறது: திண்டுக்கல்லில் எங்களுக்கு அசல் என்று ஒன்றைக் கண்ணால் பார்க்கவே வழி இருக்கவில்லை. பர்மா பஜாரிலோ ரிச்சி தெருவிலோ மொத்தமாக வாங்கி வருவார்கள். அட்டையில் நின்டெண்டோ என்று எழுதியிருந்தால்கூட அது போலிதான்.

ஆனால் தலை மாற்றுகிற வேலை பெரிய இடத்திலும் நடந்திருக்கிறது, அனுமதியோடு. டோக்கி டோக்கி பேனிக் என்று ஜப்பானில் 1987இல் ஒரு கேம். அதன் ஆட்களை எடுத்துவிட்டு மரியோ, லூயிஜி ஆட்களைப் போட்டு, 1988இல் அமெரிக்காவில் சூப்பர் மரியோ 2 என்று நின்டெண்டோவே விட்டது. நாம் பழம் பொறுக்கி, கோடாரி வீசி விளையாடிய அட்வென்ச்சர் ஐலண்ட்? அது வொண்டர் பாய் என்ற கேமில் ஆளை மாற்றி ஹட்சன் கம்பெனி விட்டது. கையெழுத்துப் போட்ட காகிதம் ஒன்றுதான் வித்தியாசம். அந்தக் காகிதம் சின்ன விஷயம் என்று உங்களிடம் சொல்லமாட்டேன், உங்கள் மாட்டுக்கு அது இல்லையே.

நான் மன்னிக்காத ஆள் வேறு. 2001 தீபாவளிக்கு முந்தின வாரம் ஒரு மில் தொழிலாளி கடைக்கு வந்தார். போனஸ் காசில் மகனுக்குப் பிளேஸ்டேஷன் வாங்கியிருக்கிறார். சாம்பல் நிறம், வட்ட மூடி, அச்சு அசல் அதேதான். "சிடியை எங்கே போடுறதுன்னு தெரியலை, பாருங்க தம்பி" என்றார். மூடியைத் திறந்தேன். உள்ளே சிடி சுற்றும் தட்டு இல்லை. கேசட் செருகும் பள்ளம். மூடி மேல் பாலிஸ்டேஷன் என்று எழுதியிருந்தது, அவருக்கு அந்த முதல் எழுத்துகளின் வித்தியாசம் தெரியவில்லை. விற்றவனுக்குத் தெரியும். பையன் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். நான் ஒன்றும் சொல்லாமல் ஒரு கான்ட்ரா கேசட்டைச் செருகி, 30 உயிர் வரவழைத்து அவன் கையில் கொடுத்தேன். அப்பாவைத் தனியாகக் கூப்பிட்டுத்தான் விஷயத்தைச் சொன்னேன். "அவன்கிட்ட சொல்லிடாதீங்க" என்றார்.

பிக்சல்_பண்ணை:

சரி அண்ணா. இதற்கு நான் என்ன சொல்ல.

முறுக்கு_மணப்பாறை:

ஒரு செய்தி. நேற்று மணப்பாறை போயிருந்தேன். திண்ணை அண்ணன் இப்போது மாவு மில் வைத்திருக்கிறார். என்னை அடையாளம் தெரியவில்லை, அத்தை பெயரைச் சொன்னதும் தெரிந்தது. பரண் மேலிருந்து ஒரு பிஸ்கட் டின்னை இறக்கினார். உள்ளே பதினாலு கேசட், ஒரு பெட்டி, ஒரு அடாப்டர். ஒன்றில் லேபிள் பாதி கிழிந்து, மரியோவின் ஷூ மட்டும் தெரிகிறது. அதுதான் என்று நினைக்கிறேன். காசு வாங்கவில்லை. பாதியில் கரண்ட் போன கணக்கு இருக்கட்டும் என்றார்.

இன்று ராத்திரி பையனோடு போட்டுப் பார்க்கப் போகிறேன். முதலில் நன்றாக ஊதிவிட்டுச் செருகலாம் அல்லவா?

ஈயக்கம்பி:

ஊதாதீர்கள்! எச்சில் பட்டுப் பட்டுத்தான் அந்தப் பற்கள் பச்சை பூத்துப்போகும். நடராஜ் ரப்பரால் இரண்டு பக்கமும் மெதுவாகத் தேய்த்து, துணியால் துடைத்துச் செருகுங்கள். அந்த அடாப்டரை மட்டும் நம்பவேண்டாம். மல்டிமீட்டர் வைத்து 9 வோல்ட் வருகிறதா, பின்னின் நடுவில் நெகட்டிவ்தானா என்று பாருங்கள். வேறு அடாப்டரைச் செருகினால் பெரும்பாலும் நடுவில் பாசிட்டிவ் இருக்கும், பெட்டி புகைந்துவிடும். பார்த்துவிட்டு எழுதுங்கள், முழித்திருக்கிறேன்.